நாலு விரல் திறந்த கதவு

போன வாரம் ஒரு இன்ஜினியர் தம்பி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பட்டறையில் இப்போது டிசைன் வேலை பார்ப்பவர். மடிக்கணினியைத் திறந்து ஒரு ஜீப்பின் படத்தைக் காட்டினார். ஜீப்பின் வெளிப்புறம் முழுக்கக் குழாய்களால் ஒரு கூண்டு. வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காமல் இருப்பதற்காகப் போடுவது. மலையிலும் ஆற்றிலும் ஜீப் ஓட்டுகிற பையன்கள் இப்போது இதைக் கேட்டு வருகிறார்களாம்.

"ஐயா, நீங்க தொண்ணூறுகள்லயே இப்பிடி ஒண்ணு செஞ்சியளாமே. பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "தம்பி, கதவு திறக்குமா?"

அவர் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் ஜீப்பின் கதவு பைய அசைந்து, எந்தக் குழாயிலும் இடிக்காமல் முழுசாகத் திறந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில், "இன்னொரு தடவ காட்டுங்க" என்றேன். கதவு திறப்பதைப் பார்த்து ஒரு கிழவன் இப்படிச் சிரிக்கிறானே என்று அவர் விழித்தார். அவருக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில். சைவ வீடு. தாத்தா காலத்தில் நிலம் இருந்தது, அப்பா காலத்தில் நிலம் இருந்த பெருமை இருந்தது. அண்ணன் வாத்தியார், தம்பி தாலுகா ஆபீஸ். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தேன். "நடுப்பையன் என்ன செய்யுதான்?" என்று யாராவது கேட்டால் அம்மா, "இரும்புக் கம்பெனியில இருக்கான்" என்பாள். கேட்டவர் ஜாம்ஷெட்பூர் என்று நினைத்துக்கொள்வார். நானோ நாலு தெரு தள்ளி ஒரு சந்துக்குள் முகமெல்லாம் கரியோடு நின்றுகொண்டிருப்பேன். முதல் சில வருஷம் 'பிடி' என்றால் பிடித்தேன், 'அடி' என்றால் அடித்தேன். என் பயிற்சிக்காலம் அவ்வளவுதான்.

பட்டறை முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நல்ல கனத்த சரீரம். நெற்றி நிறைய திருநீறு, காதில் ஒரு சாக்பீஸ் துண்டு. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் ஒரு சொல் இருந்தது, அதற்கு நாங்கள் நடுங்குவோம். வேலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்பார். சொன்னால் தீர்ந்தது. அறுத்தெடுத்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று அர்த்தம். உண்மையிலேயே வேலை பிடித்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். மூக்குக்குள் ஒரு "ம்" வரும். அந்த "ம்" வாங்குவதற்குத் தவம் கிடப்போம்.

அவருக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று போல்ட் விஷயம். நட்டை இறுக்கியதும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காளான் மாதிரி மழுக்கிவிட வேண்டும். அதற்கப்புறம் எந்தக் குலுக்கலுக்கும் நட்டு கழலாது. நாமே கழற்ற நினைத்தாலும் முடியாது, கேஸ் வைத்து அறுக்க வேண்டியதுதான். "நட்டு கழண்டா நம்ம பேரு கழண்டுரும்லே" என்பார். இன்னொன்று, புதுசாகக் கட்டிய எந்தக் கேபினிலும் முதலில் அவர்தான் ஏறி உட்காருவார். கதவைச் சாத்திக்கொண்டு, முழங்கையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். இத்தனைக்கும் சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாத மனிதர்.

இப்போது கதைக்கு வருகிறேன். ஒருநாள் காலையில் ஒரு டிராக்டர் பழைய வண்டி ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் சந்துக்குள் நுழைந்தது. ராணுவத்தில் கழித்து ஏலம் விட்ட சின்ன டிரக். நாலு சக்கரமும் இழுக்கும். முன்னால் கேபின், பின்னால் திறந்த தொட்டி. கேபின் கூரை ஒரு பக்கம் சப்பளிந்து சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கதவுகளும் நெளிந்து கிடந்தன. டிராக்டரிலிருந்து ஒரு பெண் குதித்து இறங்கினாள்.

"வண்டி கவுந்துட்டு அண்ணாச்சி" என்றாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவள் பெயர் செலின். திசையன்விளைக்குத் தெற்கே கடற்கரை ஊர். அவள் பின்னால் புருஷன் சேவியர், நெடுநெடுவென்று ஒல்லியான ஆள், கையில் கட்டுப் போட்டுக்கொண்டு தள்ளியே நின்றார். தன்னைக் கடித்த நாயைப் பார்ப்பதுபோல் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் தேரி. செக்கச் சிவந்த மணல் மேடு மேடாகக் குவிந்து கிடக்கும் காடு. காற்றடித்தால் மேடே இடம் மாறும். நேற்றுப் போன தடம் இன்று இருக்காது. கரையில் இறங்கும் மீனை அதைத் தாண்டிச் சந்தைக்குக் கொண்டுபோக, ஐஸைக் கரைக்குக் கொண்டுவர, அந்த ஊருக்கு இருந்தது இந்த ஒரு வண்டிதான். ஒரு மேட்டின் ஓரத்தில் மணல் சரிந்து வண்டி தலைகீழாகிவிட்டது. ஆட்கள் ஓடி வந்து மணலைத் தோண்டி எடுக்கிற வரைக்கும் சேவியர் உள்ளேயே மாட்டிக் கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து வண்டியைத் தொட மாட்டேன் என்கிறாராம்.

"எடைக்குப் போட்டுட்டு தூத்துக்குடி ஹார்பர்ல மூட்ட தூக்கப் போறேன்னு சொல்லுதாவ அண்ணாச்சி. ஸ்டீரிங்க புடிச்ச கை மூட்ட தூக்கவா? மறுபடி கவுந்தாலும் இவியளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. அப்பிடி ஒண்ணு கட்டித் தாங்க."

"கவுராம ஓட்டுததுக்கு வழி பாக்கணும்மா" என்றார் அண்ணாச்சி.

"தேரியில கவுராத வண்டி உண்டா அண்ணாச்சி?"

அண்ணாச்சி சப்பளிந்த கூரையைக் கையால் தட்டிப் பார்த்தார். அப்படி ஒரு கூண்டை அவர் அதுவரை கட்டியதுமில்லை, பார்த்ததுமில்லை. ஆனால் முடியாது என்று சொல்லும் பழக்கமும் இல்லை. "வச்சிட்டுப் போங்க" என்றார்.

அன்று மத்தியானம் எங்கள் வெல்டர் காதர் பாயிடம் ஒரு தீப்பெட்டி வாங்கினார். உள்பெட்டியை உருவி எறிந்துவிட்டு, வெளிக்கூட்டை மேசையில் நிறுத்தி விரலால் பக்கவாட்டில் தள்ளினார். அது தட்டையாகப் படுத்துவிட்டது. "சதுரம் படுக்கும்லே. முக்கோணம் படுக்காது" என்றார். கூண்டின் பாடம் எங்களுக்கு அவ்வளவுதான். பிறகு வெல்டிங் ராடுகளின் மேல்பூச்சைத் தட்டி உதிர்த்துவிட்டு, அந்தக் கம்பியால் கையடக்கமாக ஒரு மாதிரிக் கூண்டு செய்யச் சொன்னார். நானும் காதரும் செய்து கொண்டுபோனோம். உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து. அது மண்டிபோட்டது. "நல்லாருக்கு." மறுபடி செய்தோம். எங்கே மடங்கியதோ அங்கே குறுக்குக் கம்பி வைத்தோம். கடைசியில் அவர் ஸ்டூலில் வைத்து அதன்மேல் தன் கனத்தையெல்லாம் சாய்த்துப் பார்த்தார். நின்றது. "ம்."

செலின் வந்து பார்த்துவிட்டு, "ஏன் அண்ணாச்சி வெளிய வைக்கிய? உள்ள வச்சா மழைக்குத் துரு ஏறாதே" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அண்ணாச்சி ஒரு குழாய்த் துண்டை எடுத்து என் தலையில் 'ணங்' என்று தட்டினார்.

"வலிக்கா?"

"வலிக்கி அண்ணாச்சி."

"உள்ள வச்சா வண்டி உருளுதப்ப இவரு தல இப்பிடித்தான்மா போய் முட்டும். மீன் வண்டி ஓட்டுதவரு தொப்பியா போட்டுருக்கப் போறாரு? இரும்பு வெளிய நிக்கட்டும், மனுசன் உள்ள இருக்கட்டும்."

பாடம் அவளுக்கு, அடி எனக்கு. அந்தப் பட்டறையில் அது சகஜம்.

கேபினில் தலை உயரம் அளக்கச் சேவியரை உட்காரச் சொன்னோம். அவர் சந்து முனையில் டீக்கடையை விட்டு வரவே இல்லை. "காதர் பாயும் என் உயரந்தான. அவர உக்கார வச்சு அளந்துக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பினார். காதரை வைத்தே அளந்தோம். கூண்டைக் கட்டிவிடலாம், ஆளை எப்படி உள்ளே உட்கார வைப்பது என்று எனக்கு அப்போதே கவலையாகிவிட்டது.

குழாய் வளைப்பது பெரிய கூத்து. வளைக்கிற மெஷின் எங்களிடம் கிடையாது. வெறும் குழாயை வளைத்தால் வளைவில் நசுங்கிவிடும். அதனால் உள்ளே மணலை நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து அடைத்து, பழுக்கக் காய்ச்சி வளைக்க வேண்டும். மணலில் துளி ஈரம் இருந்தாலும் சூட்டில் ஆவியாகிக் கட்டை துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். ஆகவே தாமிரபரணி மணலைச் சலித்து, வறுத்து எடுக்க வேண்டும். அதற்குக் காதர் எங்கிருந்தோ ஓட்டை விழுந்த அல்வா வாணலி ஒன்றைக் கொண்டுவந்து, ஓட்டையை வெல்டு வைத்து அடைத்து அடுப்பில் ஏற்றினார். சந்தில் போகிறவர்களெல்லாம், "என்ன அண்ணாச்சி, பட்டறைய மூடிட்டு அல்வா கிண்டுதியளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "ஆறுனதும் வாங்க, கால் கிலோ தாரேன்" என்பார் அண்ணாச்சி.

முதல் குழாயை வளைத்ததும் எங்களுக்கு ஒரே பெருமை. அண்ணாச்சி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "நல்லாருக்கு." வளைவில் லேசாகத் தட்டையாகி இருந்தது. மணல் கெட்டிக்கவில்லை. அடுத்த குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கீழிருந்து மேல்வரை தட்டிக்கொண்டே இருந்தோம். முதலில் குழாய் மணி மாதிரிச் சத்தம் போடும். மணல் இறங்க இறங்கச் சத்தம் செத்துக்கொண்டே வந்து, கடைசியில் கல்லைத் தட்டுவது போலாகிவிடும். "இப்ப தட்டிப் பாரும்வே" என்றார் காதர். நான் தட்டினேன். கல்தான். அந்தக் குழாய்க்கு "ம்" கிடைத்தது.

கூண்டின் கால்களைக் கேபின் தகட்டில் ஊன்றவில்லை. ஊன்றினால் கவிழும்போது தகட்டைப் பொத்துக்கொண்டு இறங்கிவிடும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஏற்கெனவே இருந்த துளைகளில் இரும்புப் பட்டை வைத்து, நடுவில் டயர் ரப்பர் கொடுத்து போல்ட் போட்டோம். மேட்டில் ஏறும்போது சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், அதற்கு அந்த ரப்பர் விட்டுக்கொடுக்கும். பக்கத்துக்கு ஒன்றாக, கதவுக்குக் குறுக்கே இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கக் குழாய்கள். அவற்றை மாட்டினால் வண்டி எங்கள் பட்டறை வாசலைத் தாண்டாது. ஆகவே உள்ளேயே மாட்டிச் சரிபார்த்துவிட்டுக் கழற்றிக்கொண்டோம். தேரியில் போய் மாட்டிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

தப்பு நடந்தது இங்கேதான். லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களுக்குக் கதவு எப்போதும் கடைசி வேலை. பாடி எழும்பி, கூரை போட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் கதவு தொங்கும். அந்தப் பழக்கத்தில் வண்டி வந்த அன்றே இரண்டு கதவையும் கழற்றி நெளிவெடுக்க அனுப்பிவிட்டோம். பக்கக் குழாயை மாட்டிப் பார்த்தபோது கதவு இல்லை. கதவை மாட்டியபோது பக்கக் குழாய் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இத்தனை பேர் இருந்தும் அது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் ஊர் ஆட்கள் முன்னால் நடந்து தடம் காட்ட, வண்டியைத் தேரி தாண்டி ஊர்வரை ஓட்டி வந்து மணலில் நிறுத்திக் கொடுத்துவிட்டு, லோடு காத்திருக்கிறதென்று நடந்தே ரோட்டுக்குப் போய் பஸ் ஏறிவிட்டார். மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டியது சேவியர். அவர் தன் கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "கை இன்னும் வலிக்கி அண்ணாச்சி. அடுத்த வாரம் பாப்போம்" என்றார்.

"நேத்து இந்தக் கைய வச்சித்தான தென்ன மரத்துல ஏறுனிய?" என்றாள் செலின்.

"அது மரம்" என்றார் சேவியர்.

அண்ணாச்சி யாரையும் வற்புறுத்தவில்லை. வழக்கப்படி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். "முழங்கை இடிக்கான்னு பாக்கேன், குழாய மாட்டுங்கலே" என்றார். மாட்டினோம். இறுக்கினோம். இனி இது இங்கேதானே ஓடப்போகிறது என்று எல்லா போல்ட் முனையையும் இரண்டு பக்கமும் தட்டி மழுக்கினோம். அண்ணாச்சி உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்குவதற்காகக் கதவைத் தள்ளினார்.

கதவு நாலு விரல் அளவு திறந்து, 'டங்' என்று குழாயில் முட்டி நின்றது.

அந்தப் பக்கக் கதவைத் தள்ளினார். 'டங்.' நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் எங்கள் இரண்டு பேரையும் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நல்லாருக்கு."

காதர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் வழியாக அண்ணாச்சியை எடுக்கலாமென்றால், குழாய்க்கு மேலே இருந்த இடைவெளியில் அவர் தொந்தியில் பாதிகூட நுழையாது. போல்ட்டை அறுக்கிற கேஸ் திசையன்விளையில்தான் இருக்கிறது. சிலிண்டரோடு எந்த வண்டியும் அந்த மணலுக்குள் வராது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்குச் சர்க்கரை உண்டு, சாப்பாட்டு நேரம் தப்பினால் கை நடுங்கும். செலின் முதலில் வாய்விட்டுச் சிரித்தவள், அவருக்கு வேர்ப்பதைப் பார்த்ததும் ஓடிப்போய் வாழைப்பழம் கொண்டுவந்து உள்ளே நீட்டினாள். எனக்கும் காதருக்கும் லாரியைப் பட்டறைக்குள் முன்னே பின்னே நகர்த்தத் தெரியும். தேரி மணலில் ஓட்டுவது வேறு வித்தை. அது அங்கே ஒருவருக்குத்தான் தெரியும்.

சேவியர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உள்ளே மாட்டிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தார். அப்படி மாட்டிக் கிடப்பது எப்படி இருக்கும் என்று அவரைத் தவிர எங்களில் யாருக்குத் தெரியும்? கைலியை மடித்துக் கட்டினார். அந்த ஒல்லி உடம்பை ஜன்னல் வழியாகக் காலை முதலில் விட்டு உள்ளே நுழைத்தார்.

"கொஞ்சம் அங்கன தள்ளுங்க அண்ணாச்சி."

நாங்களும் செலினும் பின் தொட்டியில் ஏறிக் கூண்டைப் பிடித்துக்கொண்டோம். வண்டி கிளம்பவில்லை. சேவியர் கியர் கம்பியைப் பிடித்தபடி முன்னாலிருந்த மேட்டையே வெறித்துக்கொண்டிருந்ததைப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

"சேவியரு, எனக்குச் சைக்கிள்தான் ஓட்டத் தெரியும். நீயும் பயந்தேன்னா நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?" என்றார் அண்ணாச்சி.

சேவியர் சிரித்துவிட்டார். கியர் விழுந்தது. முதல் மேடு, இரண்டாம் மேடு. மூன்றாவதில் மணல் சரிந்து வண்டி ஒரு பக்கமாகப் படுக்கப் பார்த்தது. செலின், "மாதாவே!" என்று அலறினாள். சேவியர் வண்டி சாய்ந்த பக்கமே ஸ்டீரிங்கை ஒடித்து, பள்ளத்தை நோக்கி இறக்கி, நிமிர்த்தி, மறுபடி மேலே ஏற்றினார். எல்லாம் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் வாய் ஓயவில்லை. இந்த மேட்டுக்கு இந்தப் பேர், அந்தப் பள்ளத்தில் இன்னார் மாடு விழுந்தது என்று அண்ணாச்சிக்கு ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தார். செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நானும் துடைத்துக்கொண்டேன். மணல் பறந்ததால் என்று காதரிடம் சொன்னேன்.

திசையன்விளைச் சந்தையில் கூட்டம் கூடிவிட்டது. "ஆர இப்பிடிக் கூண்டுல அடச்சுக் கொண்டாராவ?" என்று ஒருவர் கேட்டார். அங்கிருந்த ஒரு பட்டறையில் அண்ணாச்சிமேல் நனைந்த சாக்கைப் போர்த்திவிட்டுப் போல்ட்டுகளை அறுத்தோம். இறங்கியவர் நேரே ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டார். திரும்பி வந்து காதிலிருந்த சாக்பீஸை எடுத்து, பக்கக் குழாயின் முன்முனையில் ஒரு வட்டமும் பின்முனையில் ஒரு கோடும் போட்டார். வட்டத்தில் கீல், கோட்டில் சங்கிலி போட்ட ஒரு முளை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு முளையை உருவினால் குழாய் வாசல் கேட் மாதிரி விலகும், கதவு திறக்கும். அதன்படியே செய்து கொடுத்தோம். அன்றைக்குப் பிறகு எங்கள் பட்டறையில் கதவைத் தொங்கவிடாமல் யாரும் அளவுநாடாவைத் தொட்டதில்லை.

அப்புறம் சில மழைக்காலம் போனது. ஒருநாள் காலையில் சந்துக்குள் அந்த டிரக் வந்து நின்றது. இந்த முறை யாரும் கட்டி இழுத்து வரவில்லை. செலின் கையில் கருப்பட்டிச் சிப்பத்தோடு குதித்து இறங்கினாள். மீன் கொண்டுவந்தால் அண்ணாச்சி பட்டறையைக் கழுவிவிட்டுத்தான் உட்காருவார் என்று அவளுக்குத் தெரியும்.

"வண்டி கவுந்துட்டு அண்ணாச்சி!" என்றாள். வாயெல்லாம் பல்.

சேவியர் டிரைவர் சீட்டில் இருந்தபடியே எங்களைப் பார்த்து வணக்கம் போட்டார். தலைகீழாகக் கவிழ்ந்ததாம். முளையை உருவிக் கதவைத் திறந்து வெளியே வந்து, ஆட்கள் கயிறு கொண்டுவருகிற வரைக்கும் மேட்டில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தாராம். "மீனுதான் அண்ணாச்சி போச்சு. காக்காய்க்கெல்லாம் அன்னைக்கு நல்ல விருந்து" என்றாள்.

அண்ணாச்சி எழுந்து வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். கூரைக் குழாயில் பெயின்ட் உரிந்திருந்தது, வெல்டு வரியில் சிவப்பு மணல் ஒட்டியிருந்தது. வளைவுகளைக் கையால் தடவிப் பார்த்தார். முளையை உருவினார். குழாய் விலகியது. கதவைப் பிடித்து இழுத்தார். அது கடைசிவரை திறந்தது. சேவியரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"ம்" என்றார். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

செலினுக்கு முகம் வாடிவிட்டது. "என்ன பாய், இம்புட்டு தூரம் வந்துருக்கோம், அண்ணாச்சி ஒண்ணுமே சொல்லாமப் போறாவ?"

காதர் கைலியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சொல்லிட்டாருமா."